வினைச்சொல் இல்லாமல் போன வேலை

அன்புள்ள எதெல்மா பெரியம்மாவுக்கு,

மோந்தெவிதேயோவிலிருந்து உங்கள் தங்கை மகள் ஸுல்மா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் மூட்டுவலி, ரத்த அழுத்தம், கோழிக்கூண்டில் புகுந்த மரநாய் எல்லாவற்றையும் நேற்று அனுப்பிய குரல்செய்தியில் நீங்களே சொல்லிவிட்டதால் அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறேன், தவறாக எண்ண வேண்டாம். அந்தச் செய்தியின் கடைசியில், ஞாயிற்றுக்கிழமை உங்கள் பிள்ளை வில்சனின் வேனில் நீங்கள் கிளம்பி வந்து என்னையும் என் துணிமணியையும் ஏற்றிக்கொண்டு உங்கள் ஊர் பைசாந்தூவுக்கே கொண்டுபோய் உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளப் போவதாகச் சொல்லியிருந்தீர்கள். "வேலையும் போச்சு, கட்டிக்கிட்டவனும் இல்ல, உனக்கு அந்த ஆட்டிசம் வேற இருக்கு, தனியா கிடந்து நீ பட்டதெல்லாம் போதும்டி" என்றீர்கள். உங்கள் அன்புக்கு நன்றி. தயவுசெய்து வர வேண்டாம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் மூச்சுவிடும் இடத்தில்தான் நான் நுழைய முடியும், நீங்கள் மூச்சுவிடுவதில்லை. ஆகவே கடிதம்.

எனக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னபோது, "முப்பத்தேழு வயசுல வர்ற வியாதியா அது?" என்று கேட்டீர்கள். அது என்னோடு பிறந்தது, பெரியம்மா. டாக்டர்தான் தாமதமாக வந்தார். வேலை போனதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நீங்கள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். சம்பந்தம் கொஞ்சம் உண்டு. மெத்தைக் கம்பெனியில் என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும்: மெத்தை வாங்கியவர்கள் எழுதும் புகார்களுக்குப் பதில் எழுதுவது. பதினொரு வருடம் எழுதினேன். ஒருவர் முதுகு வலிக்கிறது என்று எழுதினால், எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பீர்கள், மெத்தையைத் திருப்பிப் போட்டீர்களா, கட்டில் சட்டம் நடுவில் முறிந்திருக்கிறதா என்றெல்லாம் கேட்டு எழுதுவேன். மெத்தைதான் மோசமென்றால், ஆமாம், அந்த ரகம் மோசம்தான், மாற்றித் தருகிறோம் என்றும் எழுதுவேன். மேலாளர் வாஷிங்டன் அதைப் பார்த்து நெற்றியைப் பிடித்துக்கொள்வார். "உண்மைதான் ஸுல்மா, ஆனா கொஞ்சம் அனுதாபமா எழுதக் கூடாதா?" என்பார். மாற்றித் தருவதைவிடப் பெரிய அனுதாபம் என்ன என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கோடை முடிந்த கையோடு ஒருநாள் அந்த வாஷிங்டன் என்னைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். மேசையில் எனக்கென்று ஒரு பெட்டி சாக்லேட். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மாற்றத்தின் காலம் இது, ஸுல்மா. எங்களுக்கும் புது வாசல், உங்களுக்கும் புது வானம். பதினொரு வருஷ உழைப்புக்கு எங்க இதயபூர்வ நன்றி." பெரியம்மா, நீங்கள் பள்ளிக்கூடத்தில் இலக்கணம் சொல்லிக்கொடுத்தவர். இதில் வினைச்சொல் எங்கே இருக்கிறது? ஒன்றுகூட இல்லை. நான் நன்றி சொல்லிவிட்டு, சாக்லேட்டையும் எடுத்துக்கொண்டு, அலுவலகத்தைப் புது வாசலுள்ள கட்டடத்துக்கு மாற்றப்போகிறார்கள் போலிருக்கிறது, ஜன்னலோரம் கிடைத்தால் நல்லது என்று நினைத்தபடி வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் வழக்கம்போலக் கிளம்பிப் போனேன். கதவில் அட்டையைக் காட்டினால் சிவப்பு விளக்கு. திருப்பிக் காட்டினேன், சிவப்பு. சட்டையில் துடைத்துக் காட்டினேன், சிவப்பு. காவலாளி ஹெபெர் மாத்தே தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "ஸுல்மா மேடம், உங்ககிட்ட யாரும் சொல்லலையா?" என்றார். "புது வானம்னு சொன்னாங்க" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றினார். "மேடம், உங்களை வேலையை விட்டு எடுத்துட்டாங்க. உங்க இடத்துல ஒரு மெஷினைப் போட்டுட்டாங்க." எடுத்துட்டாங்க, போட்டுட்டாங்க. அந்தக் கம்பெனியில் வினைச்சொல் வைத்துப் பேசிய ஒரே ஆள் அவர்தான். அன்றைக்கு எனக்கு அவர்மேல் உண்டான மரியாதை சொல்லி மாளாது.

அந்த மெஷினுக்கு அல்மா என்று பெயராம். அல்மா என்றால் ஆன்மா! யார் என்ன எழுதினாலும், "உங்கள் மனவேதனை எங்களுக்கு ஆழமாகப் புரிகிறது" என்று ஒரு நொடியில் பதில் போடுமாம். அனுதாபத்தில் அதை யாரும் மிஞ்ச முடியாதாம்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கொஞ்சம் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது வேடிக்கையாக இல்லை. எனக்குப் பேச்சு நின்றுபோனது. தொண்டையில் ஒன்றுமில்லை, சொற்கள்தான் வரவில்லை. காலைப்பொழுது என்பதற்கு ஒரு கைப்பிடி இருந்தது, பெரியம்மா. எழுந்து, நீலச் சட்டை போட்டு, பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது இருக்கையில் உட்கார்ந்து, கடற்கரைச் சாலையில் தண்ணீர் அன்றைக்கு என்ன நிறம் என்று பார்த்துக்கொண்டே போவது. அந்தக் கைப்பிடி கழன்றதும் நாள் முழுவதும் வழுக்கியது. தண்ணீரில்லாத குளியல்தொட்டியில் போர்வையோடு படுத்துக்கிடந்தேன். அங்கே நான்கு பக்கமும் சுவர் நெருக்கமாக இருக்கும், அதுதான் காரணம், வேறு விபரீத எண்ணம் எதுவுமில்லை. அப்புறம் ஒருநாள் காலையில் எனக்கே ஒன்று தோன்றியது: வேலையைத்தானே எடுத்தார்கள், பஸ்ஸை எடுக்கவில்லையே? நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு அதே பஸ்ஸில் போனேன். கம்பெனி வாசலில் இறங்கினேன். ஹெபெருக்குத் தலையசைத்துவிட்டு, எதிர்ப்பக்கம் போய், திரும்பும் பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டேன். என்ன நிம்மதி! மறுநாளும் போனேன்.

இதை மாடிவீட்டு தோரித்தா பார்த்துவிட்டாள். அவளை உங்களுக்குத் தெரியும், கார்னிவல் குழுக்களுக்கு ஜிகினா உடை தைப்பவள், உங்கள் வயதுதான், துக்கம் விசாரிப்பதில் உங்களுக்கே பாடம் எடுப்பாள். ஒருநாள் தலையில் முக்காடு, கறுப்புக் கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு அதே பஸ்ஸில் என் பின்னாலேயே வந்தாள். முக்காட்டில் ஒட்டியிருந்த ஜிகினா பஸ் முழுவதும் மின்னியது. கம்பெனி வாசலில் நான் இறங்கி, ஏறி, வந்த வழியே திரும்பியதும் அவளுக்குத் தாங்கவில்லை. பஸ்ஸிலேயே ஓவென்று அழுதாள். "ஐயோ என் கண்ணே, வேலை போனதை மறந்துட்டியாடி? மூளை கலங்கிப்போச்சாடி உனக்கு?" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எனக்கோ பேச்சு வராத நேரம். போனில் தட்டிக் காட்டினேன்: "மறக்கவில்லை. இந்தப் பயணம் எனக்குப் பிடிக்கும்." அவள் கண்ணாடியைத் தூக்கி அதைப் படித்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு, "இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? நானும் துணைக்கு வந்திருப்பேனே" என்றாள். இப்போது வருகிறாள். வழியெல்லாம் பேசுகிறாள். நான் காதடைப்பானைப் போட்டுக்கொள்கிறேன். இரண்டு பேருக்கும் திருப்தி.

ஆனா பெரியம்மா, அதுக்குள்ள அவ தெரு முழுக்கச் சொல்லிட்டா. அப்புறம் வந்தாங்க பாருங்க, ஆறுதல் சொல்ல! காலையில ஒருத்தர், மத்தியானம் ரெண்டு பேர், நான் முட்டை வேகவைக்கும்போது ஒருத்தர். வந்ததும் கன்னத்துல ஒரு முத்தம், அப்புறம் கட்டிப்பிடி, அப்புறம் முதுகுல தட்டு. யாராவது சொல்லாம கட்டிப்பிடிச்சா எனக்கு உடம்பெல்லாம் மணி அடிக்கிற மாதிரி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். அவங்க மனசு நல்ல மனசு, அதனால கதவைச் சாத்தவும் முடியல. யோசிச்சுப் பார்த்துட்டு ஒரு தாள்ல எழுதிக் கதவுல ஒட்டினேன்: "ஸுல்மா தேறி வருகிறாள். ஆறுதல் சொல்ல விரும்புகிறவர்கள் செவ்வாய், வியாழன் மாலையில் வரலாம். தொடாமல் சொல்லவும்." தோரித்தா அதைப் பார்த்துட்டு இடுப்புல கைவச்சு நின்னா. "ஏண்டி, இது என்ன பல் டாக்டர் வீடா? யாருடி வருவா இப்படிக் கூப்பிட்டா?" வந்தாங்க பெரியம்மா. செவ்வாய்க்கிழமை மழை கொட்டுச்சு. மழைன்னா தோரித்தாவுக்குக் கை நிக்காது, மாவைப் பிசைஞ்சு தட்டுத் தட்டா ரொட்டி பொரிச்சுக் கொண்டாந்துட்டா. கூடம் நிறைஞ்சுபோச்சு. எல்லாரும் கையைப் பின்னால கட்டிக்கிட்டு, "ரொம்ப வருத்தம் ஸுல்மா"ன்னு தூரத்துலேருந்து சொன்னாங்க. ஒரு சுத்து முடிஞ்சதும் ஆறுதல் தீர்ந்துபோச்சு. ரொட்டி மட்டும் மிச்சம் இருந்துச்சு. அப்ப என்ன பண்ணுவாங்க? தங்களோட குறையைச் சொல்ல ஆரம்பிச்சாங்க.

தோரித்தாவோட வெந்நீர் பாய்லர் வாங்கின மாசமே ஒழுகுதாம். கம்பெனிக்காரன் உங்க தண்ணிதான் சரியில்லைங்கறானாம். "நானும் திட்டித் திட்டி எழுதிட்டேன், ஒரு நாய்கூட எட்டிப் பாக்கல"ன்னா. அவ எழுதினதை வாங்கிப் பார்த்தேன். பாய்லர்ங்கற வார்த்தை அதுல ஒரே ஒரு இடத்துலதான் இருந்துச்சு, மத்ததெல்லாம் அந்தக் கம்பெனி முதலாளியோட அம்மாவைப் பத்தி. அந்த மாதிரி கடிதத்தை நான் வருஷக்கணக்கா எதிர்ப்பக்கத்துலேருந்து வாங்கினவ இல்லையா? கோபமா எழுதினா கோபத்துக்குத்தான் பதில் வரும். நடந்ததை எழுதினா நடந்ததுக்குப் பதில் வரும். உக்காந்து எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் ஆள் வந்து பாய்லரை மாத்திட்டுப் போனான். தோரித்தா என்னைக் கட்டிப்பிடிக்க ஓடிவந்து, பாதியில ஞாபகம் வந்து, தூணைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டா. அதுலேருந்து செவ்வாய், வியாழன்ல எங்க வீட்டுப் படிக்கட்டுல வரிசை. பேச்சும் எனக்கு மெதுவாத் திரும்பிடுச்சு. "உங்க மாடல் எண் என்ன?"ங்கறதுதான் முதல்ல வந்த வாக்கியம்.

கீழ்வீட்டு அனிபாலைச் சொல்லணும். அவர் ஒரு காலத்துல கால்பந்து நடுவரா இருந்தவர். நான் பொறக்கறதுக்கு முன்னாடி எங்க பேட்டை அணிக்கு எதிரா ஒரு பெனால்டி கொடுத்தாராம். இன்னிக்கும் பேக்கரிக்காரன் அவருக்கு நேத்து ரொட்டியைத்தான் கொடுக்கறான். மனைவி போனப்புறம் தனி ஆள். ஒரு வியாழக்கிழமை முதுகைப் பிடிச்சுக்கிட்டே படியேறி வந்தார். வாங்கி ஒரு வருஷம்கூட ஆகல, மெத்தை நடுவுல குழி விழுந்துருச்சு, உருண்டு உருண்டு நடுவுக்கே வந்துடறேன்மான்னார். எந்தக் கம்பெனி மெத்தைன்னு கேட்டேன். சொல்லத் தயங்கினார். எங்க கம்பெனிதான். "உன் மனசு நோகும்னு இத்தனை நாளா வரலம்மா" என்றார். எனக்கு ஒண்ணும் நோகல. அந்த ரகம் மோசம்தான்.

எழுதிப் போட்டோம். ஒரு நொடியில அல்மாகிட்டேருந்து பதில்: "உங்கள் மனவேதனை எங்களுக்கு ஆழமாகப் புரிகிறது." நான் எழுதினேன்: "வேதனை மனதில் இல்லை, இடுப்பில்." உடனே: "உங்கள் இடுப்பு எங்களுக்கு ஆழமாகப் புரிகிறது." அனிபால் சட்டையைச் சரியா இழுத்து விட்டுக்கிட்டார். விடாம எழுதினேன், ஸ்பிரிங் எந்த இடத்துல இறங்கியிருக்கு, கட்டில் சட்டம் நேரா இருக்கு, உத்தரவாதம் இன்னும் இருக்கு, மாத்தித் தருவீங்களா மாட்டீங்களான்னு. அதுக்கு மேல அல்மாவுக்குத் தாங்கல. "உங்கள் சிக்கலை எங்கள் தலைசிறந்த நிபுணரிடம் ஒப்படைத்துள்ளோம். நிபுணர் ஸுல்மா விரைவில் உங்களைத் தொடர்புகொள்வார்"னு வந்துச்சு. அடுத்த நிமிஷம் என் போன் டிங்குன்னுச்சு. எடுத்துப் பார்த்தா, அனிபாலோட புகார்.

"யாரும்மா அந்த நிபுணர்?"னார் அனிபால்.

"நான்தான்."

"அப்ப நீ உனக்கே எழுதிக்கிட்டியா?"

"ஆமா."

"நல்லவேளை, நல்லா எழுதியிருந்த" என்றார் அவர்.

என்னை எடுத்தவங்க என் கம்பெனி மின்னஞ்சல் பெட்டியை எடுக்க மறந்துட்டாங்க பெரியம்மா. வேலை போனதுக்கப்புறம் அது எத்தனை தடவை டிங்குன்னாலும் நான் திறக்கவே இல்ல. திறந்தா, அல்மா கைவிட்ட அத்தனை பேரும் உள்ளே நிக்கறாங்க. குழி விழுந்த மெத்தை, நாத்தமடிக்கற மெத்தை, கல்யாணத்துக்குன்னு வாங்கி இன்னும் வந்து சேராத மெத்தை. எல்லாருக்கும் நிபுணர் ஸுல்மா பதில் சொல்வாங்கன்னு வாக்கு கொடுத்திருக்கு அந்த மெஷின். பதினொரு வருஷத்துல அந்தக் கம்பெனியில யாரும் என்னை நிபுணர்னு கூப்பிட்டதில்ல, அது கூப்பிட்டுடுச்சு. எனக்கு அதுமேல இருந்த வருத்தம் அன்னியோட போச்சு. ஆனா நான் பதில் எழுதல. எழுதக் கை பரபரன்னுச்சு, அது வேற விஷயம். வேலையில இல்லாதவ கம்பெனி பேர்ல எழுதறது முறையில்ல. வாஷிங்டனுக்கு மட்டும் எழுதினேன்: "உங்கள் மெஷின் ஆட்களை என்னிடம் அனுப்புகிறது. என்னை நீங்கள் நீக்கிவிட்டீர்கள். அவர்களுக்கு முதுகு வலிக்கிறது. யாராவது பதில் எழுதுங்கள்."

அடுத்த வியாழக்கிழமை மனுஷன் நேரா வீட்டுக்கே வந்துட்டார், பெரிய பூங்கொத்தோட. தோரித்தா வாசல்லயே மறிச்சுட்டா. "புகாரா, ஆறுதலா?"

"நான் அவங்களோட மேலாளர்..."

"யாரா இருந்தா என்ன? வரிசையில நில்லுங்க. இவருக்கு அப்புறம் நீங்க." இவர்னது அனிபாலை. அனிபால் நடுவர் இல்லையா, ஒருத்தரையும் வரிசை தாண்ட விடமாட்டார். வாஷிங்டன் படிக்கட்டுல உக்காந்து, மடியில பூவை வச்சுக்கிட்டு, பொரிச்ச ரொட்டியைக் கடிச்சுக்கிட்டு, அனிபால் தன் முதுகைப் பத்திச் சொன்னது பூராவும் கேட்டார். அவர் முறை வந்தப்ப முகமே வேற மாதிரி இருந்துச்சு. உள்ளே வந்ததும் பழைய பாட்டை எடுத்தார். "ஸுல்மா, குடும்பம் எப்பவும் குடும்பம். பெரிய கதவு, பெரிய மனசு..."

"வினைச்சொல் வேணும்" என்றேன்.

"என்னது?"

"போன தடவை நீங்க பேசினதுல வினைச்சொல் இல்ல. அதனால நான் மறுநாள் வேலைக்கு வந்து வாசல்ல நின்னேன். இந்தத் தடவை வச்சுப் பேசுங்க."

அவர் பூவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பூவை மேசையில வச்சுட்டு, "நீங்க வாசல்ல நின்னது எனக்குத் தெரியாது. உங்களை நேரா பார்த்துச் சொல்ல பயந்துட்டேன். தப்புப் பண்ணிட்டோம். திரும்ப வாங்க" என்றார். மெதுவாத்தான் சொன்னார், ஆனா அத்தனையிலும் வினைச்சொல் இருந்துச்சு பெரியம்மா.

நான் உடனே சரின்னு சொல்லல. ஆசையா இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா யோசிச்சுப் பார்த்தா, ஆசைப்பட்டது புகார்களுக்கும் பஸ்ஸுக்கும்தான். அந்தப் பெரிய கூடத்துல ரேடியோ, ஆளுக்கொரு செண்ட்டு, மாசத்துல நாலு பிறந்தநாள், ஒவ்வொண்ணுக்கும் காதுகிட்டக் கைதட்டல், அதையெல்லாம் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பதினொரு வருஷம் இருந்திருக்கேன்னு வெளியில வந்தப்புறம்தான் தெரிஞ்சுது. அதனால, வீட்டுலேருந்தே காலையில மட்டும் எழுதறேன், அல்மாவால முடியாததை அனுப்புங்க, செவ்வாய் வியாழன் மாலை எனக்கு வேற வேலை இருக்குன்னேன். எல்லாத்தையும் எழுத்துல கேட்டேன். கொடுத்துட்டார். மெஷின் தேறுற வரைக்கும்தான் இந்த ஏற்பாடுன்னு அதுலயே போட்டிருக்கு, சம்பளமும் முன்ன மாதிரி இல்ல, அதையும் மறைக்கல. அது தேறும்போது பார்த்துக்கலாம். நான் முதல்ல எழுதின பதில் அனிபாலுக்கு. புது மெத்தை வந்துச்சு. இப்ப நிமிர்ந்து நடக்கறார். பேக்கரிக்காரன் மட்டும் இன்னும் மாறல.

காலையில எழுந்து, நீலச் சட்டை போட்டு, தோரித்தாவோட பஸ்ல ஒரு சுத்து போய்ட்டு வந்து, மேசையில உக்காந்து எழுதறேன். ராத்திரி நல்லாத் தூங்கறேன். என்னை யாரும் தொடறதில்ல, ஆனா எல்லாரும் வர்றாங்க. இதுக்கு மேல ஒரு மனுஷிக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியல.

ஆகையால் பெரியம்மா, உங்களை மிகுந்த மரியாதையுடன் கேட்டுக்கொள்கிறேன்: வேன் வேண்டாம், நீங்களும் அலைய வேண்டாம். தனியாக இருப்பதும் துணையில்லாமல் இருப்பதும் ஒன்றல்ல. எனக்கு நல்லது எது என்று எனக்கே தெரிகிற வயது. என் வீட்டில், என் கட்டிலில், என் ஒழுங்குப்படி நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் மூட்டுகள் இலகுவாகவும், ரத்தம் அளவோடு ஓடவும், கோழிகள் மரநாயின் கண்ணில் படாமல் இருக்கவும் வேண்டிக்கொண்டு, தொலைவிலிருந்தே உங்கள் இரு கன்னங்களிலும் முத்தமிடும்,

உங்கள் ஸுல்மா.

பின்குறிப்பு: உறையை ஒட்டி எடுத்துக்கொண்டு தபால் போடக் கதவைத் திறந்தால், படிக்கட்டில் பெட்டிமேல் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாளிருக்கிறது, வேனையும் காணோம். என்னை இழுத்துக்கொண்டு போகத்தான் முன்கூட்டியே வந்துவிட்டீர்கள் என்று நான் கதவு நிலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது உங்களுக்கே தெரியும். பெட்டியைத் திறந்தீர்கள். உள்ளே உங்கள் இரவு உடை, உங்கள் மாத்தேக் குவளை, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. "வில்சன் என் வீட்டை வித்துட்டு என்னைத் தன் வீட்டுக்கே கூட்டிட்டுப் போறானாம்டி. 'தனியா கிடந்து நீ பட்டதெல்லாம் போதும்மா'ங்கறான். எனக்கு என்னடி கேடு? நீ வந்து என்கூட இருந்தா துணைக்கு ஆள் இருக்குன்னு வாயை மூடிக்கிட்டுப் போவான்னுதான் உன்னைக் கூப்பிட்டேன். அவனுக்குக் காரமா ஒரு கடுதாசி எழுதிக் கொடு" என்றீர்கள். உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். புதிதாக எழுத வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். மேலே உள்ளதில் மெத்தைக் கதையை எடுத்துவிட்டு, பெரியம்மா என்று வரும் இடத்திலெல்லாம் வில்சன் என்று போட்டால் போதும். நீங்கள் என் தோளுக்கு மேலிருந்து இதைப் படித்துக்கொண்டே, "முதல்ல அந்த மரியாதையெல்லாம் எடு, அவன் நான் பெத்த பிள்ளை" என்கிறீர்கள். எடுத்துக்கொண்டிருக்கிறேன்.